போனும் லினக்ஸ் லேப்டாப்பும், நடுவில் வயர் இல்லாமல்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

ஒரே போன், ஒரே லேப்டாப், இரண்டும் ஒரே மேசையில். 4 ஜிபி வீடியோ ஒன்று ஒருநாள் இரண்டு நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மறுநாள் அதே அளவு வீடியோவுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஆப் மாறவில்லை, கருவி மாறவில்லை. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் ஆப்பைத்தான் சந்தேகப்படுவார்கள். அதைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டுப் பார்ப்பார்கள். உண்மையில் மாறியது சேனல், அதாவது வைஃபை பேசும் அலைப்பாதை. லேப்டாப் அன்றைக்கு வீட்டு ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இணைந்திருந்தது, அவ்வளவுதான்.

லினக்ஸ் லேப்டாப்பையும் ஆண்ட்ராய்டு போனையும் பக்கத்தில் வைத்து அதிவேகமாக இணைக்கும் வேலையை வருடக்கணக்கில் செய்துவந்தால் ஒன்று தெளிவாகப் புரியும். பெட்டியில் அச்சிட்ட வேகம் இங்கே எதையும் தீர்மானிப்பதில்லை. லேப்டாப்பில் இருப்பது ஒரே ஒரு வைஃபை ரேடியோ. அந்த ஒன்றை ரூட்டருக்கும் போனுக்கும் ப்ளூடூத்துக்கும் இயங்குதளம் எப்படிப் பங்கு போடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே சொல்வது உபுண்டு, ஃபெடோரா போன்ற, நெட்வொர்க் மேனேஜர், டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற இரண்டு நிரல்கள் வைஃபையைக் கவனித்துக்கொள்ளும் லினக்ஸ் வகைகளுக்குப் பொருந்தும்.

வைஃபை டைரக்ட்: உள்ளே இருக்கிறது, கைக்கு எட்டவில்லை

ரூட்டர் இல்லாமலே இரண்டு கருவிகள் நேராகப் பேசுவதற்கென்று வந்தது வைஃபை டைரக்ட். வைஃபை அலையன்ஸ் 2010 அக்டோபரில் இதற்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த வருடமே ஆண்ட்ராய்டு 4.0-இல் வந்துவிட்டது. லினக்ஸில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் 1.0 பதிப்பு 2012-இல் இதை ஏற்றுக்கொண்டது. நெட்வொர்க் மேனேஜருக்கு வந்து சேர 2019-இன் 1.16 பதிப்பு வரை ஆனது. காகிதத்தில் பார்த்தால் எல்லாம் முடிந்த கதை. ஆனால் இன்றும் லினக்ஸ் டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில் போய் "வைஃபை டைரக்ட்" என்று ஒரு பட்டனைத் தேடினால் கிடைக்காது.

ஏன் என்று புரிய, இணைப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு கருவிகளும் முதலில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில் மாறி மாறிக் கேட்டும் கூப்பிட்டும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். பிறகு யார் குழுவின் உரிமையாளர் என்று பேசி முடிவுசெய்யும். ஒவ்வொன்றும் 0 முதல் 15 வரை ஒரு எண்ணைச் சொல்லும். அதிகம் சொன்னது உரிமையாளர். இரண்டுமே 15 என்று பிடிவாதம் பிடித்தால் பேச்சுவார்த்தை அங்கேயே முறிந்துவிடும். உரிமையாளர் ஆன கருவி ஒரு குட்டி ரூட்டராக மாறி, "டைரக்ட்" என்று தொடங்கும் பெயரில் நெட்வொர்க்கைத் தொடங்கும். பட்டன் அழுத்தும் முறையில் சாவி கைமாறும். இதற்கான அவகாசம் இரண்டு நிமிடம். கடைசியில் ஐபி முகவரி. ஆண்ட்ராய்டு போன் உரிமையாளராக இருந்தால் அதன் முகவரி 192.168.49.1 என்று வருவது வழக்கம்.

இந்த நான்கு கட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் தடுக்கும். அதிகம் தடுப்பது கடைசிக் கட்டம். டபிள்யூபிஏ சப்ளிகன்டை நேரடியாகக் கையாண்டு குழுவை அமைத்தால், குழு அமைந்துவிட்டதாகச் செய்தி வரும். ஆனால் எதுவும் போகாது. லேப்டாப் உரிமையாளராக இருந்தால் முகவரி வழங்க அதில் ஒரு டிஎச்சிபி சர்வர் ஓட வேண்டும். சப்ளிகன்ட் அதைச் செய்யாது; அது அதன் வேலையும் அல்ல. நெட்வொர்க் மேனேஜர் வழியாகப் போனால் இந்தத் தலைவலி குறையும்.

இன்னொரு வழக்கமான கோளாறு: போன வாரம் இணைந்த போன் இன்றைக்கு இணைய மறுப்பது. வைஃபை டைரக்ட் பழைய குழுவின் சாவியை ஞாபகம் வைத்துக்கொண்டு அதையே மறுபடி எழுப்பப் பார்க்கும். லேப்டாப்பில் லினக்ஸை மறுபடி நிறுவியிருந்தால் அந்தப் பக்கம் சாவி இருக்காது. போன் செட்டிங்ஸில் வைஃபை டைரக்ட் பக்கத்துக்குப் போய், நினைவில் உள்ள குழுக்கள் என்ற பட்டியலில் அந்தப் பெயரை நீக்கினால் சரியாகும். ஆண்ட்ராய்டு 12 வரை, லொகேஷன் அணைந்திருந்தால் பக்கத்துக் கருவிகளைத் தேடும் வேலையே நடக்காது என்பதையும் நினைவில் வைக்கவும். போன் எந்தப் பிழையும் காட்டாமல் வெறுமனே தேடிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் கிடைப்பது ஒரு நெட்வொர்க் மட்டுமே. அதன்மேல் ஃபைலை அனுப்புவது எப்படி என்று வைஃபை டைரக்ட் இயங்குதளங்களுக்குப் பொதுவாக எதையும் நிலைநாட்டவில்லை. போன், ஆண்ட்ராய்டின் ஃபைல் பகிரும் வசதியான குவிக் ஷேரின் மொழியில் பேசும். லேப்டாப்பில் அதைப் புரிந்துகொள்ள ஆள் இருக்காது. ஆகவே தினசரி ஃபைல் பரிமாற்றத்துக்கு லினக்ஸில் வைஃபை டைரக்ட் தேவையில்லை என்பதே நெடுநாள் பயன்பாட்டின் முடிவு. போனின் ஹாட்ஸ்பாட் அதே வேலையை அதே ரேடியோவில், பாதித் தொல்லையில் செய்கிறது. மிராகாஸ்ட் முறையில் திரையை வயர் இல்லாமல் டிவிக்கு அனுப்ப மட்டும்தான் வைஃபை டைரக்ட் பெரும்பாலும் தேவைப்படும். அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

ஒரே ரேடியோ, ஒரே நேரத்தில் எத்தனை சேனல்

முக்கியமான இடம் இதுதான். டெர்மினலில் "ஐடபிள்யூ லிஸ்ட்" கட்டளையைக் கொடுத்தால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் இரண்டே இடங்களைப் பார்த்தால் போதும். முதலாவது, கார்டு ஏற்கும் பயன்முறைகள்: அதில் "ஏபி" இருந்தால் ஹாட்ஸ்பாட் கொடுக்கலாம், "பிடுபி கிளையன்ட்", "பிடுபி ஜிஓ" இரண்டும் இருந்தால் வைஃபை டைரக்ட் உண்டு. இரண்டாவது, கடைசிப் பகுதியில் எந்தெந்தப் பயன்முறைகள் ஒன்றாக இயங்கலாம் என்று சொல்லும் வரிகள். அந்த வரியின் முடிவில் சேனல் எண்ணிக்கை என்று ஒரு எண் இருக்கும். 1 அல்லது 2. லேப்டாப்பின் தலையெழுத்து அந்த எண்ணில் இருக்கிறது.

1 என்றால் என்ன பொருள்? லேப்டாப் ரூட்டருடன் 2.4 கிகாஹெர்ட்ஸில் 11-ஆம் சேனலில் இணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையில் போனுடன் அமையும் நேரடி இணைப்பும் 11-லேயே அமைய வேண்டும். போன் 149-ஆம் சேனலில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேசத் தயாராக இருந்தாலும் பயனில்லை. இரண்டு ஆன்டெனா உள்ள கருவிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைஃபை 4-இன் உச்ச இணைப்பு வேகம் 144.4 மெகாபிட். அதே கருவிகள் 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைஃபை 5 பேசினால் 866.7 மெகாபிட். ஃபைல் நகரும் நிஜ வேகம் இணைப்பு வேகத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு என்று பிடித்துக்கொள்ளலாம். அபார்ட்மென்டில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் 2.4-இல் மோதும்போது 50 மெகாபிட்டுக்கு இறங்குவது சாதாரணம். 4 ஜிபி என்பது 32,000 மெகாபிட். 300 மெகாபிட் வேகத்தில் 107 விநாடி. 50 மெகாபிட்டில் 640 விநாடி. தொடக்கத்தில் சொன்ன இரண்டு நிமிடமும் பத்து நிமிடமும் இங்கிருந்து வந்தவை.

2 என்று இருந்தால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். ரேடியோ ஒன்றுதான், அது இரண்டு சேனலுக்கும் நேரத்தைப் பங்கு போட்டுத் தாவிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் வேகம் குறையும். அந்த நேரத்தில் வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டிருந்தால் குரல் விட்டு விட்டுக் கேட்கும்.

தீர்வு எளிது. பெரிய ஃபைல் நகர்த்தும்போது லேப்டாப்பை ரூட்டரிலிருந்து துண்டித்துவிடவும். இணையம் கட்டாயம் வேண்டுமென்றால் ஈதர்நெட் கேபிள் போட்டுக்கொள்ளவும். முடியாவிட்டால் ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை ஏதாவது ஒன்றில் நிலையாக வைக்கவும். "ஆட்டோ" வேண்டாம். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் பல நாடுகளின் விதிப்படி ரேடார் சோதனைக்கு உட்பட்டவை. அங்கே புதிதாக நெட்வொர்க் தொடங்கும் கருவி குறைந்தது 60 விநாடி ரேடார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பேச வேண்டும். போன்களும் லேப்டாப்களும் பொதுவாக இந்த வேலையில் இறங்குவதில்லை. ரூட்டர் தானாக 100-ஆம் சேனலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டால், ஒற்றைச் சேனல் கார்டு உள்ள லேப்டாப்பில் நேரடி இணைப்பு அமையாமல் போகும். நேற்று வேலைசெய்தது இன்று செய்யவில்லை என்ற புகார்களில் கணிசமானவற்றுக்கு இது ஒரு காரணம்.

போன் ஹாட்ஸ்பாட் கொடுக்கட்டும், லேப்டாப் இணையட்டும்

இரண்டில் எது ஹாட்ஸ்பாட் கொடுப்பது என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். லினக்ஸ் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் தொடங்கும். அலைவரிசையை "ஏ" என்று மாற்றி 36-ஆம் சேனலைக் கொடுத்து 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோனாலும் அகலம் 20-லேயே நிற்கும். அகலத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி நெட்வொர்க் மேனேஜருக்கு வந்ததே 2024-இல் வந்த 1.50 பதிப்பில்தான். பழைய பதிப்பில் அகலம் வேண்டுமென்றால் ஹோஸ்ட்ஏபிடி நிரலைத் தனியாக அமைக்க வேண்டும்: 36-ஆம் சேனலுக்கு 80 மெகாஹெர்ட்ஸின் மைய எண் 42, 149-க்கு 155. இந்த மைய எண்ணைத் தவறாகக் கொடுத்தால் நிரல் தொடங்கவே தொடங்காது.

போனில் இந்தச் சிக்கல் இல்லை. ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான போன்கள் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேசும். சில போன்களில் அலைவரிசை என்று நேரடியாக இருக்காது. "இணக்கத்தன்மையை நீட்டி" என்ற மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்தால்தான் 5-க்குப் போகும். எல்லாக் கருவிகளுக்கும் எட்டும் என்று சில போன்களில் அது ஆன் ஆகவே வரும். அதைக் கவனிக்காமல் 2.4-லேயே வருடங்களை ஓட்டுபவர்கள் ஏராளம்.

செய்ய வேண்டிய வரிசை இது. போனில் மொபைல் டேட்டாவை அணைக்கவும். ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் போடவும். யாரும் இணையாவிட்டால் தானாக அணையும் வசதி இருந்தால் அதை எடுத்துவிடவும். லேப்டாப்பை அதில் இணைத்து, அந்த இணைப்பை "மீட்டர்" உள்ளதாகக் குறிக்கவும்; பின்னொரு நாள் டேட்டா ஆன் ஆகியிருக்கும்போது லினக்ஸ் அப்டேட்டுகள் அதை விழுங்காமல் இருக்க இது உதவும். இணைந்ததும் டெர்மினலில் "ஐடபிள்யூ டெவ்" கட்டளையில் வைஃபை இடைமுகத்தின் பெயரையும் "லிங்க்" என்ற சொல்லையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கவும். "டிஎக்ஸ் பிட்ரேட்" வரியில் 866.7, 80 மெகாஹெர்ட்ஸ், என்எஸ்எஸ் 2 என்று இருந்தால் பாதை திறந்திருக்கிறது. 433.3 என்றால் ஒரு பக்கத்தில் ஒரே ஆன்டெனாதான் பேசுகிறது, 72.2 அல்லது 144.4 என்றால் இன்னும் 2.4-இல் மாட்டியிருக்கிறீர்கள். ஃபைல் அனுப்பத் தொடங்கிய பிறகு இன்னொரு தடவை பார்ப்பது நல்லது. சும்மா இருக்கும்போது காட்டும் எண் தாழ்வாக இருந்து, வேலை வந்ததும் ஏறும்.

வீட்டு ரூட்டர் வழியாகவே இரண்டும் பேசினால் என்ன குறை என்று கேட்கலாம். இரண்டும் ஒரே ரூட்டரில், ஒரே சேனலில் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு தடவை போகிறது: போனிலிருந்து ரூட்டர், ரூட்டரிலிருந்து லேப்டாப். வேகம் பாதியாவது இதனால்தான். லேப்டாப் ஈதர்நெட்டில் இருந்தால் இந்தக் குறை கிடையாது. அந்த வசதி உள்ள வீட்டில் ஹாட்ஸ்பாட்டுக்கே அவசியமில்லை.

இந்தியா என்று சொல்லாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் திறக்காது

லேப்டாப்பையே ஹாட்ஸ்பாட்டாகவோ குழு உரிமையாளராகவோ வைக்க நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் நாட்டு விதி. இந்தியாவில் 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கை 5150 முதல் 5350 வரையும் 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் உரிமமில்லாமல் பயன்படுத்த வழிசெய்தது. ஆனால் லினக்ஸுக்கு நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாதபோது, அது "00" என்ற உலகப் பொது விதியை எடுத்துக்கொள்ளும். அந்த விதியில் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களில் "நோ ஐஆர்" என்று குறி இருக்கும். அதாவது அங்கே நீ முதலில் வாய்திறக்கக் கூடாது. வேறொருவர் பேசினால் பதில் சொல்லலாம். ரூட்டருடன் இணைவது நடக்கும், நெட்வொர்க் தொடங்குவது நடக்காது. ஹாட்ஸ்பாட்டை 36-இல் போடச் சொன்னால் எந்த விளக்கமும் இல்லாமல் தோற்றுப்போகும்.

"ஐடபிள்யூ ரெக் கெட்" கட்டளையில் நாடு என்னவென்று தெரியும். அதே கட்டளையில் "கெட்" என்பதற்குப் பதில் "செட்" என்றும் நாட்டுக் குறியாக "ஐஎன்" என்றும் கொடுத்தால் பல கார்டுகளில் இந்திய விதி அமலுக்கு வரும். இன்டெல் கார்டுகள் மட்டும் வேறு ரகம். சுற்றியுள்ள ரூட்டர்களின் அறிவிப்பைக் கேட்டு நாட்டைத் தாங்களாகவே முடிவுசெய்துகொள்ளும். வெளியிலிருந்து சொல்வதைக் கேட்காது. அதனால் இன்டெல் கார்டு உள்ள லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட் ஆக்க மணிக்கணக்கில் போராட வேண்டாம். போன் ஹாட்ஸ்பாட் கொடுப்பதே நல்லது என்று மேலே அழுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேலே ஓடும் ஆப்கள்

பாதை தயாரானதும் ஃபைல் அனுப்ப லோக்கல்சென்ட் என்ற ஆப் போதும். லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் இருக்கிறது, திறமூலம், கணக்கு தொடங்கத் தேவையில்லை. 53317 என்ற போர்ட்டை, அதாவது நெட்வொர்க்கில் ஆப்புக்கான வாசல் எண்ணை, பயன்படுத்துகிறது. கருவி பட்டியலில் வரவில்லை என்றால் ஃபயர்வாலில் டிசிபி, யுடிபி இரண்டிலும் அந்த எண்ணைத் திறந்துவிட வேண்டும். அப்படியும் வராவிட்டால் ஐபி முகவரியைக் கையால் கொடுத்தால் பெரும்பாலும் இணைந்துவிடும். ஹோட்டல், கல்லூரி வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கக் கூடாது என்று தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே எந்த ஆப்பும் உதவாது, சொந்த ஹாட்ஸ்பாட்தான் வழி. பழைய ப்ராசசர்களில் என்கிரிப்ஷன் வேகத்தைத் தின்னும். அதை இரண்டு பக்கமும் அணைக்க வசதி உண்டு. சொந்த ஹாட்ஸ்பாட்டில் இரண்டே கருவிகள் இருக்கும்போது மட்டும் அணைக்கவும், பொது வைஃபையில் வேண்டாம்.

கேடிஈ கனெக்ட் ஃபைலுக்கு மட்டுமல்ல. நோட்டிபிகேஷன், கிளிப்போர்டு, போனின் ஃபோல்டரை லேப்டாப்பில் திறப்பது என்று நாள் முழுக்க உதவும். 1714 முதல் 1764 வரையுள்ள போர்ட்டுகள் அதற்குத் திறந்திருக்க வேண்டும். ஃபயர்வால்டி உள்ள லினக்ஸில் "கேடிஈகனெக்ட்" என்ற சேவையை அனுமதித்தால் போதும். ஒன்றைக் கவனிக்கவும்: வீட்டு வைஃபைக்கு அனுமதித்தது ஹாட்ஸ்பாட் இணைப்புக்கும் தானாகச் சேரும் என்பதில்லை. ஒவ்வொரு இணைப்பும் ஃபயர்வாலின் எந்த மண்டலத்தில் (அனுமதிகளின் தொகுப்பில்) இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் வேலைசெய்து வெளியூரில் செய்யாமல் போவதன் காரணம் பெரும்பாலும் இது. போன் பக்கம் பேட்டரி சேமிப்பிலிருந்து இந்த ஆப்புக்கு விலக்கு கொடுக்காவிட்டால் திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் இணைப்பு போய்விடும்.

குவிக் ஷேரை லினக்ஸில் ஏற்கும் ஆர்குவிக்ஷேர் என்ற திறமூல நிரலும் உண்டு. போனில் பழகிய ஷேர் பட்டனையே அழுத்தலாம் என்பது அதன் வசதி. ஆனால் இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் வேலைசெய்யும். இரண்டு போன்களுக்கு நடுவே குவிக் ஷேர் ப்ளூடூத்தில் கண்டுபிடித்து வைஃபை டைரக்டுக்குத் தாவும் அந்த வித்தை இங்கே கிடையாது.

வேகம் குறையும்போது எங்கே தேடுவது

முதலில் நெட்வொர்க்கையும் டிஸ்க்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் வழியாக, வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை நிறுவி, லேப்டாப்பில் அதை சர்வராக ஓட்டினால் காற்றின் வேகம் மட்டும் தனியாகத் தெரியும். அது 400 மெகாபிட் காட்டி, ஃபைல் மட்டும் 80-இல் நகர்ந்தால் குற்றவாளி வைஃபை அல்ல. போனில் மெமரி கார்டுக்கு எழுதும்போது இப்படி ஆகும். "கிளாஸ் 10" கார்டு உறுதியளிக்கும் எழுதும் வேகம் விநாடிக்கு 10 மெகாபைட், அதாவது 80 மெகாபிட்தான். போனின் உள் நினைவகத்துக்கு அனுப்பிப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஆயிரக்கணக்கான சின்ன ஃபோட்டோக்களை அனுப்பும்போதும் வேகம் விழும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. சுருக்காமல் ஒரே டார் ஃபைலாகக் கட்டி அனுப்பினால் வித்தியாசம் கண்ணால் தெரியும்.

பெரிய ஃபைல் சரியாகப் போய், கேடிஈ கனெக்டில் மவுஸ் மட்டும் தடுக்கித் தடுக்கி நகர்ந்தால் வைஃபை மின்சேமிப்பைப் பார்க்கவும். ரேடியோ உறங்கி, ஏறக்குறைய 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வரும் பீக்கன் என்ற ரூட்டர் அறிவிப்புக்கு எழுந்து பார்க்கும் பழக்கம் அது. உபுண்டுவில் நெட்வொர்க் மேனேஜரின் அமைப்பு ஃபைலில் "வைஃபை பவர்சேவ்" மதிப்பு 3 என்று இருக்கும். அதை 2 ஆக்கினால் அணையும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அது உண்மை.

யுஎஸ்பி 3 எக்ஸ்டர்னல் டிஸ்க்கையோ ஹப்பையோ செருகியதும் ப்ளூடூத்தில் போன் தென்படாமல் போவதும் உண்டு. யுஎஸ்பி 3-இன் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பரவுகிறது என்று இன்டெல் 2012-லேயே ஆய்வறிக்கை போட்டிருக்கிறது. டிஸ்க்கை ஒரு சாண் தள்ளிவைத்து, உறையுள்ள நல்ல கேபிளை மாற்றினாலே தேறிவிடும். வேகமான இணைப்புகளும் முதல் அறிமுகத்துக்கு ப்ளூடூத்தையோ 2.4-ஐயோ நம்புவதால்தான் 5 கிகாஹெர்ட்ஸ் நன்றாக இருந்தும் கருவி "தெரியாமல்" போகிறது. ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு ஓடும்போது 2.4 வைஃபை தளர்வதும் இதே குடும்பம்; லேப்டாப் கார்டில் இரண்டும் ஆன்டெனாவைப் பகிர்கின்றன. ஃபைலையே ப்ளூடூத்தில் அனுப்பும் எண்ணம் மட்டும் வேண்டாம். நிஜத்தில் 2 மெகாபிட் கிடைத்தாலும் அந்த 4 ஜிபிக்கு நாலரை மணி நேரம் ஆகும்.

டிவிக்குத் திரையை அனுப்புவது

மிராகாஸ்ட் முழுக்க வைஃபை டைரக்டை நம்பியே வளர்ந்தது. லினக்ஸில் க்னோம் நெட்வொர்க் டிஸ்ப்ளேஸ் என்ற நிரல் இதைச் செய்கிறது. டிவி பட்டியலில் தெரிந்து, இணைவது போலக் காட்டி, திரை கறுப்பாகவே நின்றால் இரண்டு இடங்களைப் பார்க்கவும். ஒன்று, டிசிபி 7236 போர்ட். டிவிதான் லேப்டாப்பின் இந்தப் போர்ட்டைத் தேடி வரும். ஃபயர்வால் மூடியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மற்றொன்று, வீடியோவைச் சுருக்கும் எச்.264 கோடெக். லினக்ஸில் வீடியோவைக் கையாளும் ஜிஸ்ட்ரீமரில் எக்ஸ்264 அல்லது ஓபன்எச்264 இல்லாவிட்டால் அனுப்பப் படமே உருவாகாது. படம் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். ஸ்லைடு காட்டலாம், விளையாட்டு ஆட முடியாது.

விண்டோஸ் இந்த விஷயத்தில் தெளிவாக முன்னால் இருக்கிறது. 8.1 முதல் மிராகாஸ்ட் உள்ளேயே உண்டு. விண்டோஸ் பட்டனையும் கே-யையும் சேர்த்து அழுத்தினால் டிவி பட்டியல் வந்து நிற்கும். கூகுளின் குவிக் ஷேரும் விண்டோஸில் ஆப்பாகக் கிடைக்கிறது. ஆப்பிள் 2011 முதல் ஏர்டிராப்பைத் தன் சொந்த நேரடி முறையில் நடத்துகிறது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை லினக்ஸில் ஓட்டிக்காட்டிய "ஆவ்ல்" நிரல் அருமையான உழைப்பு. ஆனால் கண்காணிப்புப் பயன்முறையில் ஃப்ரேம்களைச் செலுத்தக்கூடிய குறிப்பிட்ட கார்டுகள் வேண்டும் என்பதால் தினசரி வேலைக்கு ஆகாது. ஐபோனுக்கும் லோக்கல்சென்ட்தான், அதில் லோக்கல் நெட்வொர்க் அனுமதியைக் கொடுக்க மறக்க வேண்டாம்.

வாங்கும்போது

பழைய சாமான் சந்தையில் வைகிக் என்ற அதிவேக வயர்லெஸ் முறையில் இயங்கும் டாக் (லேப்டாப்புக்கு மானிட்டரும் யுஎஸ்பியும் இணைக்கும் பெட்டி) மலிவாகக் கிடைக்கும். 60 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்குக் கிகாபிட் கணக்கில் பேசும் நல்ல சாதனம்தான். லினக்ஸின் மையமான கர்னலில் அந்த ரேடியோவுக்கு "டபிள்யூஐஎல்6210" டிரைவரும் இருக்கிறது. ஆனால் அது நெட்வொர்க் இணைப்பை மட்டுமே தரும். டாக்கின் மானிட்டரும் யுஎஸ்பியும் இயங்க வேண்டிய மேலடுக்கு விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது. லினக்ஸுக்காக வாங்கினால் அது மேசையில் அலங்காரமாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான கதை, யுஎஸ்பி கேபிளின் வேலையைக் காற்றில் செய்ய வந்த வயர்லெஸ் யுஎஸ்பி. 3 மீட்டரில் 480 மெகாபிட், 10 மீட்டரில் 110 மெகாபிட் என்று 2005-இல் அறிவித்தார்கள். லினக்ஸ் 2008 டிசம்பரில் 2.6.28 பதிப்பிலேயே ஆதரவு கொடுத்து முந்திக்கொண்டது. கருவிகள்தான் வரவில்லை. 2019-இல் அந்த டிரைவர்களை ஓரங்கட்டி, 2020-இல் கர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

யுஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்குவதாக இருந்தால், டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கும் சிப்பாகப் பார்த்து எடுக்கவும். மீடியாடெக்கின் எம்டி7612யு, எம்டி7921ஏயு இரண்டும் அந்த வகை. தனியாக டிரைவரைக் கட்டி ஓட்டும் அடாப்டர்கள் ஒவ்வொரு கர்னல் அப்டேட்டிலும் உடைய வாய்ப்புண்டு. பெட்டியில் பெரும்பாலும் சிப்பின் பெயர் இருக்காது, ஒரே மாடல் பெயரில் வேறு வேறு சிப் வருவதும் உண்டு. ஆகவே கடைக்கு லைவ் லினக்ஸ் போட்ட பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுபோய், லேப்டாப்பை அதில் பூட் செய்து அடாப்டரைச் செருகிப் பார்க்கவும். "எல்எஸ்யுஎஸ்பி" சிப்பைச் சொல்லும். "ஐடபிள்யூ லிஸ்ட்" ஏபி பயன்முறையையும் சேனல் எண்ணிக்கையையும் சொல்லும். ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனைக்கு இடம்கொடுக்கிற கடையில் வாங்கவும்.